தாமரை இலையை அச்சாக்கி வளையும் தொடு உணரி செய்வது எப்படி: ஆத்தங்குடிக் கண்ணாடியில் தொடங்கும் ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறை ஒன்றில், காய்ந்து பதமான கல்லிலிருந்து கண்ணாடித் தகட்டைப் பிரித்தெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வழிகாட்டியின் பாதி ஏற்கெனவே தெரியும். கண்ணாடியின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, சட்டத்தைத் தூக்கிய பிறகு உலர்ந்த கலவையைத் தூவி, அதன்மேல் ஈரச் சாந்தை இட்டு நிரவி விடுகிறார்கள். பளபளக்க வேண்டிய முகம் முதலில் வார்க்கப்படுகிறது. அதைத் தாங்கும் முதுகு பின்னால் வருகிறது. அங்கிருந்த கைவினைஞரிடம், "பாலிஷ் எப்பண்ணே போடுவீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "பாலிஷே கெடையாது தம்பி. கண்ணாடி எப்பிடியோ கல்லும் அப்பிடித்தான். கண்ணாடில ஒரு கீறல் இருந்தா அதுவும் கல்லுல எந்திரிச்சு நிக்கும்" என்றார்.

கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தாமரை இலையையும், சிமெண்டுக்குப் பதிலாகச் சிலிக்கோனையும் வைத்தால், வளையக்கூடிய தொடு உணரி ஒன்றின் உயிர்ப்பகுதி கிடைத்துவிடும். காரைக்குடியில் 1953-ஆம் ஆண்டு முதலே மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இயங்கி வருகிறது. ஆனாலும் இந்தப் பக்கத்து மாணவர்களிடம் உணரி என்று சொன்னதும், "அதற்குத் தூய அறை வேண்டுமே, சிலிக்கான் வில்லை வேண்டுமே" என்ற தயக்கம்தான் முதலில் வருகிறது. இங்கே விளக்கப்போகும் உணரிக்கு அவை இரண்டும் வேண்டாம். பொறுமையும், நகைக்கடைக்காரர் வைத்திருப்பதுபோன்ற ஒரு சிறு மின்னணுத் தராசும் போதும்.

தோலும் இலையும் சொல்லித் தருவது

மனித உள்ளங்கையில் தொடுதலை உணரும் நரம்பு முனைகள் ஏறத்தாழ 17,000 இருப்பதாக உடலியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. மெர்க்கெல் முனைகள் நிலையான அழுத்தத்தையும் விளிம்புகளையும் கவனிக்கின்றன. மெய்ஸ்னர் முனைகள் பொருள் வழுக்குவதைக் கண்டுகொள்கின்றன. ருஃபினி முனைகள் தோல் இழுபடுவதை அறிகின்றன. பசினி முனைகள் நொடிக்கு இருநூறுக்கும் மேற்பட்ட துடிப்புகள் கொண்ட மெல்லிய அதிர்வுகளைப் பிடிக்கின்றன. அழுத்தத்தை மின் குறிப்பாக மாற்றும் பியெசோ புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன், 2021-இல் டேவிட் ஜூலியஸுடன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நமக்கு இங்கே முக்கியமானது நரம்பைவிடத் தோலின் வடிவம். மேல்தோலும் அடித்தோலும் இரண்டு தட்டையான தாள்களைப்போல ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இரு சீப்புகளின் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்ததுபோலச் சிறு மேடுகளால் கோத்துக்கொண்டிருக்கின்றன. அந்த மேடுகளின் நுனியில் அழுத்தம் குவிகிறது. உணரும் முனைகளும் அந்த இடங்களின் அருகிலேயே அமைந்திருக்கின்றன. பெரிய பரப்பில் பரவிப்போகும் ஒரு மெல்லிய தொடுதலைச் சில புள்ளிகளில் குவித்துப் பெரிதாக்குவதே இயற்கை கையாளும் வழி.

இதே வழியை 2010-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செனான் பாவோவின் குழு செயற்கையாகச் செய்து காட்டியது. அரித்தெடுத்த சிலிக்கான் அச்சில் ரப்பர் போன்ற சிலிக்கோனை வார்த்து, மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய பிரமிடுகளை எழுப்பினார்கள். வெறும் 20 மில்லிகிராம் எடையுள்ள ஓர் ஈ வந்து உட்கார்ந்ததையும், அதாவது ஏறத்தாழ 3 பாஸ்கல் அழுத்தத்தையும், அந்த உணரி உணர்ந்தது. சிலிக்கான் அச்சு நம்மிடம் இல்லை. ஆனால் நுண்ணிய மேடுகளைத் தானாகவே வளர்த்து வைத்திருக்கும் அச்சு ஊருணியில் மிதக்கிறது. தாமரை இலையின் மேற்புறத்தில் சில மைக்ரோமீட்டர் அகலமும் பத்து முதல் இருபது மைக்ரோமீட்டர் உயரமும் கொண்ட மேடுகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் மீது மெழுகாலான இன்னும் நுண்ணிய குழல்கள் போர்த்தியிருக்கின்றன. இலை நீரில் நனையாமல் இருப்பதற்குக் காரணம் இந்த இரட்டை அமைப்பே என்பதை 1997-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் பார்ட்லாட்டும் நைன்ஹுயிஸும் விரிவாக விளக்கினார்கள்.

செய்வதற்கு முன் ஒரு கணக்கு

பலர் இந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு நேரே வார்ப்புக்குப் போகிறார்கள். பிறகு உணரி அசையவே இல்லை என்று வருந்துகிறார்கள். ஆகவே இதைக் கொஞ்சம் நின்று படிக்கவும்.

நாம் செய்யப்போவது ஒரு மின்தேக்கி. இரண்டு செப்பு மின்முனைகளுக்கு நடுவே ஒரு மின்காப்புப் படலம் இருக்கும். அழுத்தும்போது இடைவெளி குறைந்து மின்தேக்குத் திறன் கூடும். மின்முனை 1 சதுர சென்டிமீட்டர், நடுவில் இருப்பது 100 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள தட்டையான சிலிக்கோன் என்று கொள்வோம். சிலிக்கோனின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 2.7 என்பதால் மின்தேக்குத் திறன் 23.9 பைக்கோஃபாரட் வரும். இதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அழுத்தம் 371 பாஸ்கல். பி.டி.எம்.எஸ். என்று அழைக்கப்படும் சிலிக்கோனின் மீள்மை எண், அதாவது அமுக்கத்தை அது எவ்வளவு எதிர்க்கும் என்பதன் அளவு, ஏறத்தாழ 2 மெகாபாஸ்கல். ஆகவே படலம் சுருங்குவது பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. மேலும் சிலிக்கோன் ரப்பரைப்போன்றது. அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்குமே தவிரக் கன அளவில் குறையாது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே பிதுங்க வழி இல்லாததால், உண்மையில் சுருக்கம் இதைவிடவும் குறைவாகவே இருக்கும்.

மேடுகள் இங்கேதான் உதவுகின்றன. மேல் மின்முனை மேடுகளின் நுனியில் மட்டும் உட்கார்ந்திருக்கும்போது நடுவில் காற்று இருக்கிறது. அழுத்தினால் மேடுகள் நசுங்கிப் பிதுங்க அந்தக் காற்றிடத்தில் வழி உண்டு. காற்று வெளியேறி அந்த இடத்தைச் சிலிக்கோன் நிரப்புவதால், இடைவெளி குறைவது ஒரு காரணம், மின்காப்பு மாறிலி கூடுவது மற்றொரு காரணம் என மின்தேக்குத் திறன் இரண்டு வழிகளில் உயர்கிறது.

இப்போது அடித்தளத்தின் தடிப்பைப் பாருங்கள். மேடுகளின் உயரம் 15 மைக்ரோமீட்டர் என்று வைத்து, எளிமைக்காக அந்த அடுக்கு முழுவதும் காற்று என்றே கொள்வோம். அடித்தளம் 500 மைக்ரோமீட்டராக இருந்தால், அழுத்தாதபோது 4.42 பைக்கோஃபாரட், முழுவதும் அழுந்திய பிறகும் 4.78 மட்டுமே. கூடியது 8 விழுக்காடு. அடித்தளம் 100 மைக்ரோமீட்டராக இருந்தால் 17.0-லிருந்து 23.9-க்கு உயரும், கூடியது 40 விழுக்காடு. இலை அதுவே, மேடும் அதுவே. முதுகு தடித்துப்போனதால் மட்டுமே உணரி மந்தமாகிறது. பொருள் எவ்வளவு உயர்ந்தது என்பதைவிடப் படலம் எவ்வளவு மெல்லியது, மேடு எவ்வளவு தெளிவானது என்ற இரண்டே கேள்விகளில்தான் இந்த வேலையின் வெற்றி அடங்கியிருக்கிறது என்பது என் முடிவு.

வேண்டிய பொருள்கள்

இலையின் அச்சை எடுக்க, பல் மருத்துவர்கள் பல்லின் அளவெடுக்கப் பயன்படுத்தும் கூட்டுவகைச் சிலிக்கோன் பசையில் மெல்லிய வகை ஒரு குழாய் வேண்டும். உணரியை வார்க்க, சில்கார்ட் 184 போன்ற இருபகுதிச் சிலிக்கோன் வேண்டும். ஓ.எச்.பி. தாள் எனும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள், செப்பு நாடா, செலோ டேப், சம அளவுள்ள இரண்டு கண்ணாடித் துண்டுகள், இரும்பு ஸ்கேல், நைட்ரைல் கையுறை, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஆகியவை மற்றவை. அளவெடுக்க, மின்தேக்குத் திறனை எண்ணாக மாற்றும் எஃப்.டி.சி. 1004 சில்லு பொருத்திய சிறு பலகையும், ஈ.எஸ்.பி. 32 நுண்கட்டுப்பாட்டுப் பலகையும் போதும்.

ஒரு வார்த்தை: இந்த வேலையைப் பழைய வீட்டு வளவிலோ பட்டாலையிலோ உட்கார்ந்து செய்வதாக இருந்தால் கீழே இரண்டு அடுக்குச் செய்தித்தாளாவது விரிக்கவும். சிலிக்கோன் ஒரு சொட்டுச் சிந்தினாலும் ஆத்தங்குடிக் கல் மாதக்கணக்கில் வழுக்கும். வீட்டுப் பெரியவர்களின் வசவும் அதே அளவு நீளும்.

முதல் படி: இலை

குடிநீர் ஊருணியில் இறங்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் எழுதாச் சட்டம். ஆகவே காவலிருப்பவரிடம் சொல்லி, காலையிலேயே ஓர் இலையைக் காம்போடு வாங்கிக்கொள்ளவும். மிக இளைய இலையும் பழுத்த இலையும் வேண்டாம். வாளித் தண்ணீரில் காம்பு மூழ்கும்படி வைத்திருந்தால் அன்று மாலைவரை வாடாது.

தாமரை இலையின் நரம்புகள் நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல விரிகின்றன. விளிம்பை நோக்கிப் போகப்போக அவற்றின் இடைவெளி கூடுவதால், அங்கே நரம்பில்லாத 2 சென்டிமீட்டர்ச் சதுரம் ஒன்றைக் கண்டுபிடிப்பது எளிது. மேற்புறத்தை விரலால் தொடாமல் வெட்டவும், ஏனெனில் தொட்ட இடத்தில் மெழுகு அழிந்துவிடும். வெட்டிய துண்டின் மேல் சுத்தமான தண்ணீரை ஊற்றினால் முத்து முத்தாக உருண்டோடித் தூசியையும் எடுத்துக்கொண்டு போகும். இலை தன்னைத் தானே கழுவிக்கொள்வதை இங்கே நேரில் பார்க்கலாம். பிறகு இருபக்கப் பசை நாடாவால் துண்டின் அடிப்புறத்தைக் கண்ணாடியில் சுருக்கமின்றி ஒட்டவும்.

தாமரை கிடைக்காத மாதங்களில் சேம்பு இலையைப் பயன்படுத்தலாம். அதுவும் நனையாத இலைதான். ரோஜா இதழையும் சிலர் அச்சாக்குகிறார்கள், ஆனால் அதன் மேடுகள் அகலமும் தட்டையுமாக இருப்பதால் உயரம் ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர் மட்டுமே. நம் கணக்குப்படி அது போதாது.

இரண்டாம் படி: எதிரச்சு

இலையின் மேடு எதிரச்சில் பள்ளமாகும். எதிரச்சின் பள்ளம் உணரியில் மீண்டும் மேடாகும். ஆகவே வார்ப்பு இரண்டு முறை நடக்கிறது.

முதல் வார்ப்புக்கும் சில்கார்டையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். அது அறை வெப்பத்தில் இறுக 48 மணி நேரம் ஆகும். அதற்குள் இலை சுருங்கிவிடும். சூடேற்றினால் இலையிலுள்ள ஈரம் ஆவியாகிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பல் மருத்துவப் பசை சில நிமிடங்களில் இறுகிவிடுவதால் இலை பச்சையாக இருக்கும்போதே வேலை முடிகிறது. நீரைத் தள்ளும் இலை இந்தப் பசையையும் தள்ளாதா என்ற ஐயம் நியாயமானது. ஆனால் சிலிக்கோனின் பரப்பு இழுவிசை நீரைவிட மிகக் குறைவு என்பதால் அது மேடுகளுக்கு நடுவே தாராளமாக இறங்கிவிடுகிறது.

பசையை ஒரு மூலையில் தொடங்கி, குழாயின் நுனியை அதற்குள்ளேயே அமிழ்த்தி வைத்தபடி, மெதுவாக மறு மூலைக்கு நகர்த்தவும். நுனியைத் தூக்கித் தூக்கி இட்டால் காற்று சிக்கும். இலையின் இருபுறமும் 2 மில்லிமீட்டர் உயரத்தில் ஏதாவது தாங்கியை வைத்து, ஓ.எச்.பி. தாள் ஒட்டிய இரண்டாவது கண்ணாடியை மேலிருந்து இறக்கினால் எதிரச்சின் முதுகு சமமாக அமையும். அடுத்த படியில் ஸ்கேலை இழுக்கும்போது இந்தச் சமம் எவ்வளவு முக்கியம் என்பது தெரியும்.

இறுகிய பிறகு இலையை உரித்துவிட்டு எதிரச்சை ஒருநாள் சும்மா விட்டுவைக்கவும். இந்த வகைப் பசை இறுகிய பின்னும் சிறிது நேரம் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். அவசரப்பட்டு அதன்மேல் வார்த்தால் குண்டூசித் துளைகளாகத் தெரியும்.

கையுறையைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். முதல் முறை நான் வீட்டில் கிடந்த ரப்பர் லேடெக்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டு இலையைக் கழுவி, ஒட்டி, எல்லாவற்றையும் கவனமாகச் செய்தேன். வார்த்த பிறகு நடுப்பகுதி நன்றாக இறுகியிருந்தது. நான் விரல் வைத்த நான்கு ஓரங்களும் மட்டும் இரண்டு நாளாகியும் வெல்லப் பாகுபோலவே இருந்தன. லேடெக்ஸிலுள்ள கந்தகம் சிலிக்கோனை இறுகச் செய்யும் பிளாட்டினம் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்துவிடும். அமீன் கலந்த எபாக்சி கடினமாக்கிகளும், வெள்ளீயம் கலந்த பழைய வகைச் சிலிக்கோனும் இதே கேட்டைச் செய்யும். நைட்ரைல் கையுறை என்று மேலே குறிப்பிட்டது அலங்காரத்துக்காக அல்ல.

மூன்றாம் படி: உணரிப் படலம்

இந்தப் படியே வேலையின் மையம். ஆத்தங்குடி முறை இங்கே அப்படியே வருகிறது: முகம் முதலில், முதுகு பின்னால்.

ஓ.எச்.பி. தாளில் 1 சென்டிமீட்டர்ச் சதுரச் செப்பு நாடாவை, பற்றவைக்க ஒரு சிறு வாலோடு வெட்டி ஒட்டவும். இதுதான் முதுகு. எதிரச்சைப் பள்ளங்கள் மேல்நோக்கி இருக்கும்படி கண்ணாடியில் வைக்கவும். சிலிக்கோன் சிலிக்கோனோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் நடுவில் ஒரு விலக்கும் பூச்சு தேவை. பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தை ஆல்கஹாலில் இரண்டு மூன்று சொட்டு கலந்து, மென்மையான தூரிகையால் ஒரே ஒரு முறை பூசி உலரவிடவும். வெள்ளையாகப் படியும் அளவுக்குப் பூசினால் பள்ளங்கள் அடைபட்டுவிடும்.

இனித் தடிப்பு. சாதாரணச் செலோ டேப் ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் தடிப்புள்ளது. ஆகவே எதிரச்சின் இரு ஓரங்களிலும் இரண்டு அடுக்கு டேப் ஒட்டினால் 100 மைக்ரோமீட்டர்க் கரை கிடைக்கும் என்று முதலில் நினைத்தேன். செப்பு நாடாவுக்கும் ஒரு தடிப்பு இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். தாள் கரைமீது உட்காரும்போது செப்பு கீழ்நோக்கிப் புடைத்துக்கொண்டு பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த உணரி நன்றாகவே வேலை செய்தது, ஆனால் நான்காவது நாணயத்திலேயே அதன் எல்லை முடிந்துவிட்டது. மூன்று அடுக்கு டேப் சரியான அளவு.

சில்கார்டின் அடிப்பகுதியையும் இறுக்கியையும் எடையில் பத்துக்கு ஒன்று என்று கலக்கவும். 10 கிராமுக்கு 1 கிராம். மூன்று நிமிடம் விடாமல் கலக்கிய பிறகு பால் கொதிக்கும்போது வருவதுபோல நுரை நிறைந்திருக்கும். வெற்றிடப் பெட்டி இருந்தால் அதில் வைக்கலாம். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் மூடி வைத்தாலே நுரையில் பெரும்பகுதி தானாக மேலேறி உடைந்துவிடும். முதலில் சில சொட்டுகளைத் தூரிகையால் எதிரச்சின் பள்ளங்களுக்குள் தேய்த்துவிடவும். கல் வார்க்கும்போது வண்ணக் குழம்பை முதலில் மெல்லியதாக இடுவது மூலை முடுக்கெல்லாம் சேர வேண்டும் என்பதற்காக. இங்கும் நோக்கம் அதுவே. பிறகு மீதியை ஊற்றி, இரும்பு ஸ்கேலை இருபுறக் கரைகளின் மேலும் படியும்படி வைத்து ஒரே சீராக இழுக்கவும். நின்று நின்று இழுத்தால் நின்ற இடமெல்லாம் வரப்பாக எழும்.

அதன்மேல் ஓ.எச்.பி. தாளைச் செப்பு கீழ்நோக்க ஓர் ஓரத்தில் தொடவைத்து, மறு ஓரத்தை மெல்ல மெல்ல இறக்கவும். ஒரேயடியாகப் போட்டால் நடுவில் காற்று தங்கிவிடும். மேலே ஒரு கண்ணாடியை வைத்து இரண்டு நாள் விடவும். பிரிக்கும்போது உணரியைப் பிடித்து இழுக்க வேண்டாம். உணரியைத் தட்டையாக வைத்துக்கொண்டு, கண்ணாடித் திரைமேல் ஒட்டிய பாதுகாப்புத் தாளை உரிப்பதுபோல எதிரச்சை மடக்கி உரிக்கவும்.

நான்காம் படி: மேடு எழும்பியிருக்கிறதா?

இதைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் எனும் காகித நுண்ணோக்கி 140 மடங்கு பெரிதாக்கும்; அதில் மேடுகள் ஒளிப்புள்ளிகளாக வரிசையின்றித் தெரியும். இரண்டாவது வழிக்குக் கருவியே வேண்டாம். படலத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுச் சாய்த்துப் பாருங்கள். தட்டைச் சிலிக்கோனில் சொட்டு அரைவட்டத்தைவிடச் சற்று உருண்டையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். இலையின் வடிவம் சரியாக இறங்கிய படலத்தில் அது முழு உருண்டையாக எழும்பி நிற்கும். இரண்டு சொட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சிக்காகவே என் மாணவர்கள் சிலர் இந்தச் சோதனையைத் தேவைக்கு மேல் செய்கிறார்கள்.

ஐந்தாம் படி: கோத்தலும் இணைப்பும்

இரண்டாவது ஓ.எச்.பி. தாளில் அதே அளவு செப்பை ஒட்டி, அது மேடுகளைப் பார்க்கும்படி மேலே வைக்கவும். ஒரே ஓரத்தை மட்டும் டேப்பால் இறுக்கமாக ஒட்டி, எதிர் ஓரத்தைத் தளர்வாகப் பிடிக்கவும். வளைக்கும்போது இரண்டு தாள்களும் ஒன்றின்மேல் ஒன்று சற்று நகர இடம் வேண்டும்; நான்கு பக்கமும் ஒட்டிவிட்டால் வளைவே அழுத்தமாகப் பதிவாகும். அழுத்தும்போது காற்று வெளியேற வழி இருக்க வேண்டும் என்பதும் இன்னொரு காரணம்.

விரல் படும் மேல் மின்முனையைத் தரையோடு, அதாவது பலகையில் GND என்று குறித்த முனையோடு, இணைக்கவும். கீழ் மின்முனையைச் சில்லின் முதல் உள்ளீட்டோடு இணைக்கவும். கீழ்த் தாளுக்கு அடியில் ஓர் அலுமினியத் தாளைச் செருகி, அதைச் சில்லின் காப்பு முனையோடு (SHLD) இணைக்கவும். இந்த வரிசையை மாற்றிவிட்டால் உங்கள் கை உணரியை நெருங்கும்போதே எண் ஏறத் தொடங்கும், ஏனெனில் மனித உடலும் ஒரு மின்முனையே. தரையோடு இணைந்த மேல் தாள் இந்தத் தொல்லையைத் தானே தடுத்துவிடுகிறது.

எஃப்.டி.சி. 1004 சில்லு 3.3 வோல்ட்டில் இயங்குகிறது. அதன் நேரடி அளவெல்லை இருபுறமும் 15 பைக்கோஃபாரட் மட்டுமே. நம் உணரி 17-லிருந்து 24 வரை போகும். ஆகவே அளவிலிருந்து ஒரு நிலையான எண்ணைக் கழிக்கச் சில்லிலேயே உள்ள கழிப்பு அமைப்பை (CAPDAC) 3.125 பைக்கோஃபாரட் படிகளில் ஆறாக, அதாவது 18.75 ஆக, அமைக்கவும். இதை அமைக்காமல் எண் ஒரே இடத்தில் நிற்கிறதே என்று சில்லை மாற்றியவர்கள் உண்டு. ஈ.எஸ்.பி. 32-இல் வழக்கமாக 21, 22 ஆகிய முனைகளில் தரவுக் கம்பிகளை இணைக்கலாம். நொடிக்கு 100 அளவீடுகள் எடுத்துப் பத்துப் பத்தாகச் சராசரி கண்டால் எண் அமைதியாகும்.

ஆறாம் படி: நாணயச் சோதனை

அளவைக்கல் வாங்க வேண்டியதில்லை. 2011-இல் வெளிவந்த வரிசையில் ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85 கிராம், ஐந்து ரூபாய் 6 கிராம். எதையும் நம்பாமல் தராசில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அதற்கு முன்னும் பின்னும் வந்த வரிசை நாணயங்களின் எடை வேறு. உணரியின் நடுவே சரியாக 1 சென்டிமீட்டர்ச் சதுர அக்ரிலிக் துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் நாணயங்களை அடுக்கவும். அடியில் சதுரம் இல்லாமல் நாணயத்தை நேரே வைத்தால் அழுத்தம் எவ்வளவு பரப்பில் பரவியது என்று சொல்ல முடியாது. ஒரு ரூபாய் 371 பாஸ்கல், ஐந்து ரூபாய் 588 பாஸ்கல்.

ஒவ்வொரு நாணயத்துக்கும் முப்பது நொடி காத்திருந்து எண்ணைக் குறிக்கவும். ஏறும்போது மட்டுமல்ல, நாணயங்களை ஒவ்வொன்றாக எடுக்கும்போதும் குறிக்கவும். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படியாது. சிலிக்கோன் உடனே நிமிராது என்பதால் இறங்கும் கோடு சற்று மேலே நிற்கும். அந்த இடைவெளி பெரிதாக இருந்தால் மேடுகள் மேல் செப்பில் ஒட்டிக்கொள்கின்றன என்று பொருள். செப்பின்மேல் துளி முகப்பவுடரைத் தூவி ஊதிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உணர்திறனைக் கணக்கிடுவது எளிது. எண் கூடிய விகிதத்தை அழுத்தத்தால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு ரூபாய்க்கு 17.0 பைக்கோஃபாரட் 17.6 ஆனது என்று வைத்துக்கொண்டால், கூடியது 3.5 விழுக்காடு, அதை 0.371-ஆல் வகுத்தால் ஒரு கிலோபாஸ்கலுக்கு 0.095. ஸ்டான்ஃபோர்டு பிரமிடுகள் தொட்ட உச்சம் 0.55. இலையில் மேடுகள் ஒரே உயரத்தில் இல்லாததால் நம் எண் குறைவாக வருவது இயல்பு. ஆனால் இதே காரணத்தால் உயரமான மேடுகள் முதலில் அழுந்தி, குட்டையானவை பிறகு சேர்ந்துகொள்வதால், அழுத்தம் கூடிய பிறகும் உணரி சட்டென்று ஓய்ந்துவிடுவதில்லை. கச்சிதமான பிரமிடைவிட ஒழுங்கற்ற இலையைப் பல வேலைகளுக்கு நான் விரும்புவது இதனால்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் ஈரம் எண்ணை மெல்ல நகர்த்தும். உணரி போலவே செய்து, ஆனால் அழுத்தமே படாமல் பக்கத்தில் வைத்த இரண்டாவது ஒன்றின் எண்ணைக் கழித்துவிட்டால் அந்த நகர்வு பெரும்பாலும் நீங்கிவிடும்.

அழுத்தத்தைத் தவிர வேறு எதை அளக்க வேண்டும் என்பதைப் பொறுத்து இயற்கையின் வேறு மாதிரிகளுக்குப் போகலாம். இழுபடுவதை அளக்கச் சிலந்தியின் கால் மூட்டருகே உள்ள நுண்பிளவுகள் நல்ல முன்மாதிரி. மெல்லிய பிளாட்டினப் படலத்தில் வேண்டுமென்றே பிளவுகளை உண்டாக்கி 2014-இல் கொரிய ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். வழுக்கலையும் சொரசொரப்பையும் அறிய வேண்டுமானால் மேல் தாளின்மீது கைரேகைபோல இணைவரைகளைச் சேர்க்க வேண்டும். தொட்டாற்சிணுங்கியைப் பலர் கேட்கிறார்கள். அது தொடுதலை உணர்வதோடு நிற்காமல் இலைக்காம்பின் அடியிலுள்ள செல்களில் நீரை இடம்மாற்றி அசையவும் செய்கிறது. ஆகவே அது உணரிக்கு மட்டும் முன்மாதிரியாக அடங்காது.

கடைசியாக, விரலில் பொருத்துவது

ஓ.எச்.பி. தாள் கட்டைவிரலைச் சுற்றும் அளவுக்கு வளையாது. விரலுக்கு வேண்டுமானால் இதே படிகளைப் பாலிஇமைடு எனும் மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின்மேல் செய்யவும். அதன் பசைப் பக்கத்திலேயே செப்பை ஒட்டிவிடலாம். அப்படிச் செய்த ஒன்றை, பனையோலைக் கொட்டான் முடையும் ஓர் ஆச்சியின் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்தேன். "என்னப்பா இது, காயமே இல்லாம கட்டுப் போடுற?" என்று கேட்டுக்கொண்டே ஓலையை எடுத்தவர், பேச்சு முடிவதற்குள் இரண்டு வரிசை முடைந்துவிட்டார். திரையில் வந்த கோடு எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. விரல் மடங்கியதால் ஏறிய எண்ணும், ஓலையை அழுத்தியதால் ஏறிய எண்ணும் கலந்து கிடந்தன.

அடுத்த முறை வரிசையை மாற்றினேன். மாட்டிய உடன் ஓலை இல்லாமல் விரலை நீட்டி ஒரு எண், பாதி மடக்கி ஒரு எண், முழுவதும் மடக்கி ஒரு எண் என்று மூன்றையும் முதலில் பதிந்து, முடைவதைப் படம் பிடித்து, ஒவ்வொரு நொடியிலும் விரல் இருந்த நிலைக்குரிய எண்ணைக் கழித்தேன். அப்போதுதான் ஓலையை மடித்துத் திருப்பும் ஒவ்வொரு முறையும் குறுகிய உயர்ந்த ஒரு முனையும், அடுத்த ஓலையைச் செருகும்போது தாழ்ந்த அகலமான ஒரு மேடும் தனித்தனியாகத் தெரிந்தன. விரலில் மாட்டுபவர்கள் இந்த மூன்று எண்களையும் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் புதிதாக எடுக்க வேண்டும். நேற்றைய எண் இன்றைக்கு உதவாது, ஏனெனில் நாடா ஒட்டும் இடம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வளைவு மாறிவிடும்.